காரின் பூச்சில் நின்ற குற்றங்களும் அவை தீருமாறும்

தோற்றுவாய்

பொருளொன்று பழுதுற்றால் அதனைச் செப்பஞ் செய்கின்றோம். செப்பஞ் செய்த இடத்திலேயே வேறொரு பழுது தோன்றுமாயின் என் செய்வது? இவ்வினா சென்ற கோடை விடுமுறையில் எம் வீட்டு வாயிலிலேயே எழுந்தது.

எம் தந்தையார் சொந்தக் காரொன்றை வாடகைக்கு ஓட்டிக் குடும்பம் புரப்பவர். தண்ணீர் லாரியொன்று பின்னோக்கி வந்து மோதியதால், அக்காரின் வலப்பக்கத்து முன் மட்கார்டும் கதவுகள் இரண்டும் நசுங்கின. டிங்கரிங் பட்டறையொன்றில் வண்டி 19 நாள் கிடந்தது. அந்த 19 நாளும் வீட்டிற்கு வருவாய் இல்லை. இருபதாம் நாள் விளக்கேற்றும் வேளையிற் பணத்தைக் கொடுத்து வண்டியைக் கொணர்ந்தோம். அந்தி ஒளியில் அது புதிது போலவே விளங்கிற்று. மறுநாட் காலை வெயிலிற் பார்த்தபோதோ எம் உள்ளம் சோர்ந்தது. முன் கதவில் மணல் தூவியது போல் தூசுப் புள்ளிகள். கைப்பிடிக்குக் கீழே மெழுகு வடிந்தாற் போன்ற ஓர் ஒழுக்கு. மட்கார்டு முழுதும் கமலாப் பழத்தின் தோல் போன்ற சொரசொரப்பு. பின் கதவில் ஊசி முனையாற் குத்தியவை போன்ற துளைகள். அன்றியும் அக்கதவு தன்னை அடுத்த தகட்டினும் ஒரு நிழல் கறுத்து நின்றது. கண்ணாடியிலும் ரப்பர் விளிம்பிலும் வண்ணத்தின் துகள் படிந்திருந்தது.

மூன்று வாரம் கழித்து, மாத வாடகைக்கு வண்டி அமர்த்தும் அலுவலகம் ஒன்றிலிருந்து காரைப் பார்வையிட வருவதாக இருந்தனர். ஆகவே இஃது அழகு பற்றிய கவலை மாத்திரம் அன்று. அடுத்த ஆண்டின் கல்லூரிச் சம்பளமும் அக்கதவின்மேல் நின்றது. சினத்தோடு பட்டறைக்குப் புறப்பட்ட எம்மைத் தந்தையார் நிறுத்தி, "தம்பி, போவோம், ஆனால் சண்டைக்கு வேண்டாம். எது எதனால் வந்தது என்று கேட்டுக்கொண்டு வருவோம்" என்றார். அங்ஙனம் கேட்டும், பின்னர்க் கற்றும், கையாற் செய்தும் யாம் அறிந்தவற்றை நண்பர்களுக்குப் பயன்படும் என்னும் கருத்தால் ஈண்டு எழுதலானோம்.

பூச்சின் அடுக்குகள்

நோயறிதற்கு முன் உடலமைப்பை அறிதல் வேண்டும். காரின் தகட்டின்மேல் உள்ளது ஒரே பூச்சு எனப் பலர் கருதுவர். அஃது அங்ஙனம் அன்று. தொழிற்சாலையினின்று வரும் காரிற் பெரும்பாலும் நான்கு அடுக்குகள் உண்டு. முதலாவது, உடற்கூட்டைத் தொட்டியில் ஆழ்த்தி மின்னாற்றலால் படியச் செய்யும் துருக்காப்புப் பூச்சு. இரண்டாவது, மேடுபள்ளங்களைச் சமப்படுத்தும் பிரைமர். மூன்றாவது, நிறம் தரும் பூச்சு. வெள்ளி போல் மின்னும் கார்களில் அலுமினியத்தின் மெல்லிய செதில்கள் இதன்கண்ணே கலந்திருக்கும். நான்காவது, நிறமற்ற தெளிபூச்சு. பட்டறையினர் இதனைக் கிளியர் என்பர். மெருகைத் தருவதும், வெயிலின் புறவூதாக் கதிரைத் தாங்கிக் கீழுள்ள நிறத்தைக் காப்பதும் இதுவேயாம்.

இந்நான்கும் சேர்ந்த கனம் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் அளவே. மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நாம் எழுதும் தாளொன்றின் கனம் ஏறத்தாழ 100 மைக்ரான் எனின், காரின் பூச்சு எத்துணை மெல்லியது என்பது விளங்கும். அதிலும் தெளிபூச்சின் பங்கு 35 முதல் 50 மைக்ரான் வரையே. தேய்த்து மெருகிடுதல் என்பது இவ்வடுக்கினின்றும் ஒரு சிறிது எடுத்தலே அன்றிப் புதிதாக ஒன்றும் சேர்த்தல் அன்று. இவ்வுண்மையை மறந்தவன் கையில் மருந்தே நஞ்சாகும்.

மோட்டார் வண்டி தோன்றிய காலத்தில் எண்ணெய் வார்னிஷை அடுக்கடுக்காகத் தூரிகையாற் பூசி உலர வைத்தலில் வாரக்கணக்கு ஆயிற்று. ஃபோர்டு கம்பெனியாரின் டி மாதிரிக் கார் 1914 முதல் 1925 வரை கறுப்பு நிறம் ஒன்றிலேயே விற்கப்பட்டது. 1923-ஆம் ஆண்டில் டூபாண்ட் கம்பெனியாரும் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியாரும் சேர்ந்து வெளிக்கொணர்ந்த டியூக்கோ என்னும் பூச்சு சில மணி நேரத்தில் உலர்ந்தது. ஸ்பிரே துப்பாக்கியாற் பூசவும் ஏற்றதாயிற்று. இக்காலத்துப் பட்டறைகளிற் பெரிதும் வழங்குவது வேறு. பூச்சோடு ஹார்டனர் என்னும் கடினமாக்கியைக் கலந்து, இரண்டும் வேதியியல் முறையிற் பிணைந்து இறுகச் செய்யும் இருபொருட் பூச்சு அது.

குற்றங்களின் வகையும் காரணமும்

நூலிற்குப் பத்துக் குற்றங்கள் வகுத்த நன்னூலார் குன்றக் கூறலையும் மிகைபடக் கூறலையும் அவற்றுட் சேர்த்தனர். பூச்சிற்கும் இவ்விரண்டே தலையாய குற்றங்கள். துப்பாக்கியைத் தொலைவிற் பிடித்தாலும், காற்றின் அழுத்தம் குறைந்தாலும், பூச்சு குழைவாக இருந்தாலும், கோடை வெப்பத்திற்குப் பொருந்தாத தின்னர் விரைந்து ஆவியாய்ப் போனாலும், துளிகள் தகட்டின்மேற் பரந்து ஒன்றாகுமுன்னரே இறுகிவிடும். இதுவே கமலாத்தோல். துப்பாக்கியை மிக நெருங்கப் பிடித்தாலும், ஓரிடத்தில் மெல்ல நகர்த்தினாலும், ஒரு கை பூசியபின் இடைவெளி விடாது மறு கை பூசினாலும் பூச்சு தன் பாரம் தாங்காது வடியும். இதுவே ஒழுக்கு. பொதுவாக 15 முதல் 20 சென்டிமீட்டர் தொலைவில், ஒரே வேகத்தில், முன்னைய வீச்சின் பாதியை மறு வீச்சு மூடுமாறு பூசுதல் முறை.

ஏனைய குற்றங்களை விரைந்து கூறுவாம். மேற்புறம் தோலிட்டபின் உள்ளே அகப்பட்ட தின்னர் ஆவி வெடித்து வெளிவருதலால் ஊசித்துளைகள் உண்டாகும். தகட்டின்மேல் எண்ணெயோ சிலிக்கான் கலந்த மெருகோ எஞ்சி நிற்பின், பூச்சு அதனோடு ஒட்டாது விலகி மீன்கண் போன்ற வட்டக் குழிகள் தோன்றும். பட்டி வைத்த இடம் நன்கு உலருமுன் மேற்பூச்சு இடின், சில வாரம் கழித்துப் பட்டியின் விளிம்பும் உப்புத்தாளின் கீறலும் மேலே தெரியும். பூசாத இடங்களைத் தாளிட்டு மூடாமையால் வண்ணத் துகள் படியும். இனி நிறம் மாறுதற்குக் குறியீட்டெண் ஒத்திருத்தல் ஒன்றே போதாது. அலுமினியச் செதில்கள் எப்பக்கம் சாய்ந்து படிகின்றன என்பதைப் பொறுத்து அதே வண்ணம் வெளுத்தும் கறுத்தும் காட்டும். ஈரமாய்ப் பூசின் கறுக்கும், உலர்வாய்ப் பூசின் வெளுக்கும். ஒரு விளக்கொளியில் ஒத்த இரு வண்ணங்கள் மற்றொரு விளக்கொளியில் ஒவ்வாமையும் உண்டு. அதனாலேயே எம் கார் அந்தியில் நன்றாயும் காலையில் தீதாயும் தோன்றிற்று.

பட்டறையிற் கண்டது

பட்டறை நெடுஞ்சாலை ஓரத்தில் மூன்று பக்கமும் திறந்த தகரக் கொட்டகை. லாரி போகுந்தோறும் புழுதி எழுந்து உள்ளே வந்தது. மேலே ஒற்றைக் குழல்விளக்கு. எம் வயதினனான ஓர் இளைஞன் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு ஒரு வேனுக்குக் கிளியர் பூசிக்கொண்டிருந்தான். கடினமாக்கியில் உள்ள ஐசோசயனேட் என்னும் பொருளின் துளிகளை நெடுநாள் சுவாசித்தோர்க்கு ஆஸ்துமா வருதல் மருத்துவர் நன்கறிந்த செய்தி. கைக்குட்டை அதனைச் சிறிதும் தடுக்காது. வெளியிலிருந்து குழாய் வழியே தூய காற்றைத் தரும் முகமூடியே தக்க காப்பு.

பட்டறைத் தலைவர் எம் குறைகளை மறுக்கவில்லை. "ஐயா, நான் 26,000 ரூபாய் சொன்னேன். அதில் பூசும் அறைக்கு வாடகையும் உண்டு. நீங்கள் 20,000-க்கு மேல் ஆகாது என்றீர்கள். அறையை விட்டுவிட்டு இங்கேயே பூசினேன்" என்றார். தந்தையார் தலை குனிந்தார், யாமும் குனிந்தோம். வடிகட்டிய காற்றும், 60 பாகை வெப்பத்தில் அரைமணி நேரம் பூச்சைப் பதப்படுத்தும் வசதியும் உள்ள அறையையே அந்த 6,000 ரூபாய் எமக்கு வாங்கித் தந்திருக்கும். எதனைக் குறைக்கின்றோம் என்று கேளாமலே விலையைக் குறைத்தோம். அதனை முன்னரே சொல்லாமை அவர் பிழை; கேளாமை எம் பிழை. முடிவில், பொருட்செலவு எம்முடையது, கூலி அவருடையது என்று பேசிப் பின் கதவை மட்டும் வாடகை அறையில் மீண்டும் பூசித் தர இசைந்தார். ஏனையவற்றை யாமே திருத்துவதாக ஒப்புக்கொண்டு மீண்டோம்.

தேய்த்துத் தீர்வன

தெளிபூச்சின் மேற்பரப்பில் நிற்கும் குற்றங்களே தேய்த்துத் தீர்வன: படிந்த துகள், தூசுப் புள்ளி, கமலாத்தோல், ஒழுக்கு என்பன அவை. இவற்றைத் தீர்க்கும் தத்துவம் ஒன்றே. சமமான பரப்பு ஒளியை ஒரு திசையில் திருப்பும். அதனாற் பளபளப்பு உண்டாகின்றது. மேடுபள்ளமும் கீறலும் ஒளியைப் பல திசையிற் சிதறடிக்கும். அதனால் மங்கல் உண்டாகின்றது. ஆதலின் முதலில் மேட்டைச் சமப்படுத்தி, அதனால் உண்டான கீறலை அதனினும் நுண்ணிய கீறலால் மாற்றி, அதனையும் மிக நுண்ணியதால் மாற்றிக் கண்ணுக்குப் புலப்படாத அளவிற்குக் கொணர்தலே மெருகிடுதல் ஆகும்.

முதற்கண் பொறுமை வேண்டும். பூச்சு உள்ளே இறுகாதிருக்கத் தேய்த்தல் தீது. அறையில் வெப்பம் ஊட்டிய பூச்சாயின் நன்கு ஆறியபின் தொடங்கலாம்; எமது போல் காற்றில் உலர்ந்ததாயின் பல நாள் காத்தல் நலம். நகத்தால் மறைவான ஓரிடத்தை அழுத்தித் தழும்பு படாமை கண்டு தொடங்குக. மேலே மெழுகு பூசுதலை ஒன்றிரண்டு மாதம் தள்ளிவைத்தல் வழக்கம். உள்ளே எஞ்சிய தின்னர் வெளியேற வழி வேண்டும் அன்றோ?

காரைச் சோப்பு நீராற் கழுவி நிழலில் நிறுத்தினோம். படிந்த துகளைக் கண்ணாற் காண்பதினும் கையால் அறிதல் எளிது. மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் உறைபோல் இட்டுத் தடவினால் ஒவ்வொரு துகளும் விரலுக்குத் தெரியும். களிமண் போற் பிசைதற்கு உரிய கிளே என்னும் பொருளைச் சோப்பு நீர் தெளித்த பரப்பின்மேல் மெல்ல இழுக்க, துகள் அதில் ஒட்டிக்கொண்டு வந்தது. அது கீழே விழுந்தால் மணல் ஒட்டும். ஆதலின் அதனை மீண்டும் பயன்படுத்தலாகாது. கண்ணாடியில் இருந்ததைச் சவர அலகாற் சுரண்டி எடுத்தோம்.

அடுத்துத் தூசுப் புள்ளிகள். 2000 எண் வாட்டர் பேப்பரை நீரில் ஊறவைத்து, சிறு ரப்பர் கட்டையிற் சுற்றிப் புள்ளி உள்ள இடத்தை மட்டும் மெல்லத் தேய்த்தோம். விரலால் நேரே தேய்ப்பின் விரலின் அழுத்தம் பள்ளம் செய்யும். கட்டை மேட்டை மட்டுமே தொடும். பின்னர் 3000 எண் தாளால் அக்கீறலை நுண்மையாக்கினோம். தேய்க்கும்போது வடியும் நீர் பால் போல் வெண்மையாயிருப்பின் நாம் தெளிபூச்சிலே இருக்கின்றோம் என்பது குறிப்பு. காரின் நிறம் நீரில் தோன்றின் தெளிபூச்சைக் கடந்துவிட்டோம், உடனே நிறுத்துக. தெளிபூச்சு இல்லாத ஒற்றைப் பூச்சுக் கார்களில் நிறம் எப்போதும் வரும். அங்கு இக்குறிப்புச் செல்லாது.

மட்கார்டின் கமலாத்தோலுக்கு 1500 எண்ணிலிருந்து தொடங்கி 2000, 3000 என ஏறினோம். தேய்த்த மேடுகள் மங்கலாயும் தேயாத பள்ளங்கள் பளபளவென்றும் தெரியும். பள்ளங்கள் முற்றும் மறையும் வரை தேய்த்தல் அறியாமை. தொழிற்சாலைப் பூச்சிலும் சிறிது கமலாத்தோல் உண்டு. அடுத்த தகட்டோடு ஒத்திருத்தலே நம் குறிக்கோள். ஒழுக்கிற்கு வழி வேறு. அதனைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டி, கூரிய அலகை ஏறக்குறைய நிமிர்த்திப் பிடித்து, மேட்டின் முகட்டை மட்டும் இழை இழையாகச் சுரண்டிக் குறைத்தபின் டேப்பை நீக்கிக் கட்டையும் தாளும் கொண்டு சமப்படுத்தினோம். அந்த ஒரு விரல் நீள ஒழுக்கிற்கு ஒரு முற்பகல் முழுதும் சென்றது.

இறுதியாக மெருகு. ரப்பிங் காம்பவுண்டை நுரைத்தட்டில் இட்டுப் பொறியால் தேய்த்து, பின் மெல்லிய பாலிஷ் கொண்டு முடித்தோம். பொறி இருவகை. ஒரே அச்சிற் சுழல்வது விரைவில் வேலை செய்யும். ஆனாற் சூடேற்றிப் பூச்சை எரிக்கவும், வெயிலிற் சுழிச்சுழியாய்த் தெரியும் தடங்களை விடவும் வல்லது. சுழன்றுகொண்டே அசைவது மெதுவானது. கற்போர்க்குத் தீங்கு குறைந்தது. யாம் வாடகைக்கு எடுத்தது பின்னையது.

தேய்த்துத் தீராதன

ஊசித்துளை, மீன்கண் குழி, பட்டி விளிம்பு தெரிதல், பூச்சு உரிதல், நிற வேறுபாடு ஆகியவை தேய்த்துத் தீராதன. அவற்றின் வேர் கீழே உள்ளது; மேலே எத்துணை மெருகிடினும் குற்றம் பளபளப்பாகத் தெரியுமே அன்றி நீங்காது. குறையுள்ள அடுக்கு வரை தேய்த்தெடுத்து மீண்டும் பூசுதலே வழி. நிற வேறுபாட்டிற்கு ஓர் உத்தி உண்டு. கதவின் விளிம்பிலேயே நிறத்தை நிறுத்தாமல், அடுத்த தகட்டினுள்ளும் சிறிது தூரம் மெலிந்து மறையுமாறு நிறத்தை வீசி, பின் அத்தகடு முழுதிற்கும் தெளிபூச்சு இடுவர். இரு நிறங்களும் ஒரு கோட்டில் எதிரெதிர் நில்லாமல் ஒன்றினுள் ஒன்று கரைதலாற் கண் வேறுபாட்டை அறியாது. எம் காரின் பின் கதவு இம்முறையாலேயே நலம் பெற்றது.

எம் கைப்பிழை

இவ்வளவும் கூறிய யாம் ஒரு பிழை செய்தோம். அதனை மறைத்தல் தகாது. தகட்டின் விளிம்பிலும் மடிப்பின் முகட்டிலும் பூச்சு மெலிந்திருக்கும். அழுத்தமும் அங்கே மிகும். ஆதலின் அவ்விடங்களை டேப் ஒட்டி மூடிய பின்னரே தேய்த்தல் வேண்டும் என்பதை யாம் அறிவோம். மாலையாகிவிட்டமையாலும், மிக நன்றாய் வருகின்றது என்னும் செருக்காலும், முன் கதவின் மடிப்பில் டேப் இன்றிப் பொறியை ஓட்டினோம். நொடிப் பொழுதில் நகக்கண் அளவிற்குத் தெளிபூச்சு போய் மங்கிய சாம்பல் நிறம் தோன்றிற்று. பால் நிற நீரைப் பார்த்துக்கொண்டே இருந்த எமக்கு அன்று நீரே இல்லை. பொறியின் ஒலி மட்டுமே இருந்தது. அப்புள்ளி இன்றும் அங்கே உள்ளது. தந்தையார் அதனைத் தடவிப் பார்த்து, "இருக்கட்டும், பூசுகிற பையனைத் திட்டத் தோன்றும்போது இதைப் பார்த்துக்கொள்" என்றார்.

முடிவுரை

குறித்த நாளில் அலுவலகத்தார் வந்தனர். வந்தவர் கதவுகளைச் சுற்றி ஒரு முறை நடந்தார்; டயர்களையும் இருக்கைகளையும் காகிதங்களையும் நெடுநேரம் பார்த்தார்; ஒப்பந்தம் கைகூடிற்று.

நண்பர்கள் நினைவிற் கொள்ள வேண்டுவன இவை. பட்டறையிலிருந்து வண்டியைப் பகல் வெளிச்சத்திற் கழுவிய பின்னரே பெற்றுக்கொள்க. நேர் நின்றும் சாய்ந்து நின்றும் பார்க்க. குற்றங் காணின் பணம் முழுதும் கொடுக்குமுன் சொல்லுக. தேய்த்துத் தீர்வது எது, தீராதது எது என்று முதலிற் பிரித்தறிக. பூச்சின் கனத்தை அளக்கும் சிறு கருவி கிடைப்பின் அளந்த பின்னரே தொடங்குக. நுண்ணிய தாளும் குறைந்த அழுத்தமும் முதற்கண் முயல்க. தீராவிடிற் படிப்படியே ஏறுக. விளிம்பை மூடுக. போதும் என்னும் இடத்தில் நிறுத்துக. எல்லாவற்றிற்கும் மேலாக, விலை பேசுங்கால் எதனை விட்டு இவ்விலைக்குச் செய்வீர் என்று ஒரு வினாக் கேளுங்கள். அவ்வினா பூச்சையும் காக்கும்; ஒருகால், மூக்கிற் கைக்குட்டை கட்டிய இளைஞனுக்கு ஒரு நல்ல முகமூடியையும் பெற்றுத் தரும்.

இக்கட்டுரையிற் குற்றங்கள் எஞ்சியிருப்பின், அறிந்தோர் எம் கதவைப் போலவே இதனையும் மெல்லத் தேய்த்துத் திருத்திக்கொள்வாராக.